பின்னால் இழுத்த மான்

அருங்காட்சியகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வைக்கோல் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். செத்த மிருகத்தின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே புதிதாக ஓர் உடம்பு செய்து வைத்து, உயிரோடு நிற்பதுபோல் நிறுத்துவது அவர் வேலை. பாடம் செய்வது என்பார்கள். உள்ளே வைக்கோல் அடைத்த காலம் மலையேறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது கம்பிச் சட்டம், மரச்சுருள், களிமண், சாந்து என்று என்னென்னவோ வந்துவிட்டன. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? வாசலில் சீட்டுக் கிழிக்கிறவர் தினமும் காலையில், "வைக்கோல் வந்தாச்சு, மாட்டையெல்லாம் கட்டிப் போடுங்கப்பா" என்பார். தினமும் அதே நகைச்சுவை. பத்தொன்பது வருஷமாக வைக்கோலாரும் அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார். நிரந்தர ஊழியர் கேலி செய்தால் தற்காலிக ஊழியர் சிரிக்கத்தானே வேண்டும்.

ஆமாம், பத்தொன்பது வருஷமும் தற்காலிகம்தான். ஆறு மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டு நியாயம் பேசுவாராம், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரே நாற்காலியில் முப்பத்தெட்டு தடவை புதிதாக வேலைக்குச் சேர்ந்த மனிதர் வேறெங்காவது இருக்கிறாரா என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதச் சொல்வார்கள். எழுதிக் கொடுப்பார்.

வீடு ஓர் அச்சகத்தின் மாடியில். ஒரே அறை, மூலையில் அடுப்பு. கீழே இயந்திரம் ஓடினால் மேலே குடத்துத் தண்ணீர் நடுங்கும். அந்தத் தண்ணீருக்கும் இருபத்திரண்டு படி இறங்கி ஏற வேண்டும். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுவாள். அருங்காட்சியக வளாகத்துக்குள்ளேயே ஊழியர் குடியிருப்பு இருந்தது. அதில் தரைத்தளத்தில் ஒரு வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. நிரந்தர ஊழியருக்குத்தான் கொடுப்பார்கள். கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவரும் நாளெல்லாம் அவள் அந்த வீட்டின் ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். "சமையலறையிலேயே குழாய் இருக்குங்க" என்று ஒரு நாள் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள், அதற்கு மேல் அவள் எதுவும் கேட்டதில்லை. அதுதான் அவருக்குப் பெரிய ரோதனையாக இருந்தது.

அவளுக்கு ஒரே தம்பி. தாய் போனபோது அவனுக்கு ஆறு வயசு. அவள்தான் எடுத்து வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த ஒற்றை அறையில் மூன்று பேரும் தலைமாடு கால்மாடாகப் படுத்துக் காலம் தள்ளினார்கள். பையன் வளர்ந்து வனக்காவலன் ஆனான். லீவில் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவான். வைக்கோலாரை மாமா மாமா என்று சுற்றிச் சுற்றி வருவான். அவருக்கும் அவன்மேல் பாசம்தான். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில் அருங்காட்சியகத்துக்குத் தலைவரான காப்பாட்சியருக்கு ஒரு பெரிய ஆசை வந்திருந்தது. முட்டி மோதும் விலங்குகளுக்கென்றே ஒரு தனிக் கூடம். சுவரெல்லாம் படம், நடுவில் பாடம் செய்த மிருகங்கள். பாறையில் கீறிய எருதுகள், மண்பானையில் தீட்டிய கிடாக்கள், பழைய காசில் கொம்போடு கொம்பு வைத்து நிற்கும் ஆடுகள் என்று ஒரு கனத்த புத்தகத்தில் படங்களாகச் சேர்த்து வைத்திருந்தார். மனுஷன் கையில் முதல்முதலாகக் கரித்துண்டு கிடைத்த நாளிலிருந்து இதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறான் என்பார். படங்களில் எல்லாம் ஒரே அமைப்பு: இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் நெற்றி. பார்க்கிறவனுக்கு யார் பக்கம் சேரலாம் என்று தோன்றிவிடும்.

வைக்கோலாருக்கு அந்தப் படங்கள் பிடிக்காது. வெளியே சொல்லமாட்டார். செம்மறிக் கிடாக்கள் ஓடி வந்து மோதுகிறவை. அவற்றின் மண்டையைப் பிளந்து பார்த்தவர் அவர். எலும்பு இரண்டு அடுக்கு, நடுவே கூடு கூடாகக் காற்று. வெள்ளாடு ஓடி வராது, பின்னங்காலில் எழுந்து நின்று மேலிருந்து விழும். மான் இரண்டுமே செய்யாது. கொம்பைக் கொம்பில் கோத்துக்கொண்டு தள்ளும், முறுக்கும். எதிரி சளைத்ததும் விட்டுவிடும். ஆனால் ஓவியக்காரர்களுக்கு எல்லாம் ஒன்றுதான், மூன்றையும் ஒரே மாதிரி நிறுத்திவிடுவார்கள். கிடாவையும் வெள்ளாட்டையும் அவர் செய்து முடித்துவிட்டார், அதனதன் முறைப்படி. மான்தான் கிடைக்கவில்லை.

கிடைத்தது. ஒரு காலையில் காப்பாட்சியர் அறையில் நின்று பசை வாங்கும் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது மேசைத் தொலைபேசி அடித்தது. மைத்துனன்தான். மலையடியில் இருக்கும் காவல் சாவடியிலிருந்து பேசினான், மூச்சு இரைத்தது.

"மாமா, இங்க ரெண்டு ஆண் மான் கொம்போட கொம்பு பூட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒண்ணு செத்துப்போச்சு. இன்னொண்ணு உசிரோட இருக்கு. செத்ததை ரெண்டு நாளா இழுத்துக்கிட்டே திரிஞ்சிருக்கு மாமா, தரையெல்லாம் தடம். டாக்டர் ஊர்ல இல்ல. என்கிட்ட அரிவாள்தான் இருக்கு, அதால வெட்டினா மண்டை அதிர்ந்தே செத்துரும். நீங்க எலும்பு அறுக்கிற சின்ன ரம்பம் வெச்சிருப்பீங்கல்ல, அதை எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

"வர்றேன்டா" என்று வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். காப்பாட்சியர் பேனாவை மூடினார்.

"உயிரோட இருக்கா?"

"ஒண்ணு இருக்குதாம் சார்."

காப்பாட்சியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எதுவும் சொல்லல. நீங்க போய்ப் பாருங்க. பூட்டினது பூட்டினபடி ஒரு ஜோடி கெடைக்கிறதுங்கிறது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை. அறுத்துட்டா வெறும் ரெண்டு மான். அப்புறம், உங்க கோப்பு என் மேசையிலதான் இருக்கு. அடுத்த வாரம் மேல அனுப்பணும். என்ன எழுதி அனுப்பலாம்னுதான் யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

இதைவிடச் சுத்தமாக ஒருவர் கொலைக்கு ஆள் அனுப்ப முடியாது. வைக்கோலார் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். பட்டறைக்குப் போய்த் தன் கருவிச் சுருளை எடுத்தார். கித்தான் துணியில் வரிசையாகப் பை தைத்து, ஒவ்வொரு பையிலும் ஒரு கருவி. கத்தி, கத்தரி, இடுக்கி, அளவு நாடா, கவராயம், ரம்பம். ரம்பத்தை உருவி மேசைமேல் வைத்தார். பிறகு மறுபடியும் செருகினார். கொண்டுபோவோம், போய் முடிவு செய்துகொள்வோம் என்று நினைத்தார். முடிவைத் தள்ளிப்போடுகிறவர்கள் எல்லோரும் தாங்கள் இன்னும் நல்லவர்கள்தான் என்று அப்படித்தான் நம்பிக்கொள்கிறார்கள்.

அருங்காட்சியக வண்டி தார்ச்சாலையோடு நின்றுவிட்டது. ஓட்டுநரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, காத்திருந்த மைத்துனனுடன் அரை மணி நேரம் நடந்தார். ஓடைக்கரை மணலில் மான்கள் கிடந்தன. செத்தது பக்கவாட்டில் விறைத்துக் கிடந்தது, வயிறு ஊதியிருந்தது. உயிரோடிருந்தது முன்னங்கால்களை மடித்து உட்கார்ந்திருந்தது. தலையைத் தூக்க முடியாது, செத்ததன் தலை எங்கே கிடக்கிறதோ அங்கேதான் இதன் தலையும். மனிதர்களைப் பார்த்ததும் ஓடப் பார்த்தது. ஓர் அடிகூட நகர முடியாமல் மறுபடியும் முழங்காலில் விழுந்தது.

"பாருங்க மாமா" என்றான் மைத்துனன். குரல் உடைந்திருந்தது. "இந்த ஒரு கொம்புக் கிளையை அறுத்தாப் போதும், கழண்டுக்கும். ரம்பத்தை எடுங்க."

வைக்கோலார் கருவிச் சுருள் இருந்த பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. வாய் தானாகப் பேசியது. "ரம்பத்தை மறந்துட்டேன்டா."

"என்ன மாமா!"

"அவசரத்துல கெளம்பினேன். மேசை மேலயே இருக்கு."

மைத்துனன் தலையில் கைவைத்தான். ஆனால் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அந்த மடத்தனம் அவனுக்கு அக்காவிடமிருந்து வந்தது. "சரி, நீங்க இருங்க. நான் பைக்குல போய் வாங்கிட்டு வந்துர்றேன். தண்ணி காட்டுங்க, நாய் நரி வராமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். இரும்புக்கடை இருக்கும் ஊருக்குப் போய்த் திரும்ப எப்படியும் மூன்று மணி நேரம்.

மானும் அவரும் தனியானார்கள். தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து வைத்தார், குடிக்கவில்லை. எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார். மானின் கொம்பு அதன் உடம்பில் உயிருள்ள பாகமே இல்லை. வருஷத்துக்கொரு தடவை தானாக உதிர்ந்து, தானாக முளைக்கும். அதை அறுப்பது நகம் வெட்டுகிற மாதிரி. பத்து நிமிஷ வேலை. இதெல்லாம் அந்தக் காட்டில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தவர்தான் உட்கார்ந்திருந்தார்.

அவ்வப்போது மான் எழுந்தது. பின்னங்குளம்புகளை மணலில் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தது. செத்த மான் ஒரு சாண் நகரும். பிறகு விழும். மூச்சு வாங்கும். மறுபடியும். சண்டை அதற்கு என்றைக்கோ முடிந்துபோயிருந்தது. ஜெயித்துவிட்டோமா தோற்றுவிட்டோமா என்ற கேள்வியே அதற்கு இல்லை. விட்டால் போய்விடுகிறேன் என்பதுதான் அந்த இழுப்பில் இருந்த ஒரே பேச்சு.  அறுத்துவிடலாம் என்று வைக்கோலார் இரண்டு தடவை நினைத்தார். இரண்டு தடவையும் இருபத்திரண்டு படியும் மனைவியின் பெருமூச்சும் காதில் கேட்டன. பொண்டாட்டி முழங்காலைச் சாக்காக வைத்துக்கொள்வது எவ்வளவு வசதி என்று பின்னாளில் தன்னையே காறித் துப்பாத குறையாக ஏசிக்கொள்வார். அன்றைக்கு அது சாக்காகத் தெரியவில்லை.

மூன்றாவது தடவை எழுந்தேவிட்டார். நிரந்தரமாவது மண்ணாங்கட்டியாவது என்று பையை இறக்கினார். ரம்பத்தை எடுக்கத்தான் சுருளை மணலில் விரித்தார். சத்தியமாக ரம்பத்துக்காகத்தான்.

ஆனால் பத்தொன்பது வருஷப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. எந்த உடலின் முன் உட்கார்ந்தாலும் அவர் செய்யும் முதல் காரியம் சுருளை விரிப்பது. இரண்டாவது காரியம் அளவு நாடாவை எடுப்பது. அளவெடுக்காமல் எதையும் அறுக்கக் கூடாது, அறுத்த பிறகு அளவு மாறிவிடும். கை ரம்பத்துக்குப் போகவில்லை, நாடாவுக்குப் போனது. ஒரே ஒரு அளவு, கழுத்து மட்டும், என்று நினைத்தார். மான் இழுத்தது. நாடாவுக்குள் கழுத்துத் தசை கயிறாக முறுக்கேறிப் புடைத்தது. வைக்கோலார் மூச்சை அடக்கிக்கொண்டார். செத்த உடம்பு இதைக் கொடுக்காது. அவர் அளந்த கழுத்தெல்லாம் தளர்ந்த கழுத்து. உயிரோடு இருக்கும்போது இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஊகித்தே காலம் போயிருந்தது. இப்போது ஊகிக்க வேண்டியதில்லை. பென்சிலை எடுத்து நோட்டில் குறித்தார். இழுக்கும்போது எவ்வளவு, தளரும்போது எவ்வளவு. தோள், தொடை, பின்னங்கால் மடிப்பின் கோணம். கவராயத்தை எடுத்தார். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எவ்வளவு, மூக்குத்துளை எவ்வளவு விரிகிறது. நான்கு பக்கம் நிரம்பியது. அந்த நேரத்தில் அவர் தலையில் காப்பாட்சியர் இல்லை, படிக்கட்டு இல்லை, குழாய் இல்லை. சொல்ல நாக்கு கூசுகிறது: அவர் சந்தோஷமாக இருந்தார்.

தொடையை அளந்துகொண்டிருந்தபோது நாடா தொய்ந்தது. இது தளர்ச்சி அளவு என்று குறித்துக்கொண்டு அடுத்த இழுப்புக்காகக் காத்திருந்தார். இழுப்பு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மைத்துனன் ஓடி வந்தான். கையில் புது ரம்பம், மேலே சுற்றிய காகிதத்தைக்கூடக் கழற்றவில்லை. மானைப் பார்த்தான். மாமாவின் கையில் தொங்கிய நாடாவைப் பார்த்தான். மணலில் விரித்துக் கிடந்த சுருளைப் பார்த்தான். கத்தி, கத்தரி, இடுக்கி, கவராயம், ஒரு பைகூடக் காலியில்லாமல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ரம்பமும் இருந்தது. வைக்கோலார் முகத்தில் ஈயாடவில்லை. வேறு எந்தத் திருடனும் இப்படித் திருட்டுப் பொருளைக் கடைபரப்பிவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

"எவ்வளவு நேரமாச்சு மாமா?"

"இப்பத்தான்டா."

மைத்துனன் புது ரம்பத்தைச் சுருளுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான். "தூக்குறதுக்கு ஆளக் கூட்டிட்டு வர்றேன்" என்றான். திரும்பி நடந்தான்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. உயிரோடு கண்டுபிடித்த மான் அரை நாள் கழித்து எப்படிச் செத்தது என்று வன அலுவலகத்தில் கேள்வி எழுந்தது. காவலன், 'அருங்காட்சியகத்துக்குத் தகவல் கொடுத்தேன், அறுக்கும் கருவி வரவில்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தான். அது உண்மையா என்று அருங்காட்சியகத்துக்குக் கடிதம் வந்தது. காப்பாட்சியர் வைக்கோலாரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

"ரெண்டே வரி போதும்" என்றார். ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். மான் உயிருடன் இருப்பதாகத் தொலைபேசியில் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே அறுக்கும் கருவி எடுத்துச் செல்லப்படவில்லை.

"சார், அவன் என் மச்சினன்."

"அதனாலதான் சொல்றேன். சொந்தக்காரங்க ரெண்டு பேரும் சேர்ந்து மறைச்சதா யாரும் பேசிறக் கூடாது பாருங்க. உங்க கோப்பு நேத்துத்தான் மேல போயிருக்கு."

வைக்கோலார் பேனாவை வாங்கினார். கை நடுங்கியது என்று எழுதினால் அவருக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நடுங்கவில்லை. நன்றாகவே கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதத்தைக் காட்டி, ஏதாவது சொல்வதற்கு இருக்கிறதா என்று மைத்துனனிடம் கேட்டார்களாம். அவன் இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றுமில்லை என்றானாம். வாயைத் திறந்தால் அக்கா வீட்டு அடுப்பில் மண் விழும் என்று அவனுக்குத் தெரியும். கடமையில் அலட்சியம் என்று எழுதி, இரண்டு நாள் பயணத் தூரத்தில், மழை பிடித்தால் மூன்று மாதம் வழியே இல்லாத ஒரு காவல் குடிலுக்கு அவனை மாற்றினார்கள். கட்டுவதாக இருந்த பெண்ணின் வீட்டார் அந்த இடத்தைக் கேள்விப்பட்டதும் பின்வாங்கிவிட்டார்கள்.

மனைவி கொதித்துப் போனாள். ஆனால் கொதிப்பு யார்மேல் என்பதில்தான் கூத்து. "ஃபோன்ல நாலு வார்த்தை வெவரமாச் சொல்லத் தெரியாதா இவனுக்கு? உசிரோட இருக்குன்னு சொல்ல வேண்டாமா? சொல்லாம விட்டுட்டு, கருவி வரலேன்னு உங்களை வேற மாட்டிவிடப் பாத்திருக்கான். எடுத்து வளர்த்ததுக்கு நல்லாச் செஞ்சான்!" அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, இதை நெனச்சு நெனச்சே எளைச்சுப் போயிட்டீங்க" என்று பரிமாறினாள். அவர் போட்டுக்கொண்டார்.

ஐந்து மாதம் அந்த ஜோடியைச் செய்தார். செத்ததைச் செத்தபடி, உயிரோடிருந்ததைப் பார்த்தபடி. நோட்டிலிருந்த நான்கு பக்க அளவும் களிமண்ணில் ஏறின. பின்னங்கால் ஊன்றி, இடுப்பு தாழ்ந்து, கழுத்து முறுக்கேறி, மொத்த உடம்பும் பின்னால் போகத் துடித்தது. இதை மட்டும் உள்ளது உள்ளபடி செய்துவிட்டால் ஏதோ ஒன்று கொஞ்சம் சரியாகும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. தோல் போர்த்துவதற்கு முந்தின நாள் காப்பாட்சியர் பட்டறைக்கு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன இது? ஒண்ணு படுத்துக் கெடக்கு, இன்னொண்ணு ஓடப் பாக்குது. சண்டை எங்க?"

"சண்டை இல்ல சார். அது விலகத்தான் பாத்துச்சு."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும்." கனத்த புத்தகத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். பாறை எருதுகள், பானைக் கிடாக்கள், காசு ஆடுகள். "சனங்க இதைப் பாக்கத்தான் வருவாங்க. ரெண்டும் எழுந்து நிக்கணும், ரெண்டும் முட்டணும். உங்க உத்தரவு கையெழுத்துக்குப் போயிருக்கு. இந்த நேரத்துல என்னைச் சங்கடப்படுத்தாதீங்க."

வைக்கோலார் அன்று சாயங்காலம் வரை அதன்முன் நின்றார். எதிர்த்துப் பேசும் வார்த்தைகளையெல்லாம் வரிசையாக மனசுக்குள் அடுக்கினார். பிறகு சுத்தியலை எடுத்துப் பின்னங்கால்களை உடைத்தார். படுத்துக் கிடந்ததையும் எழுப்பி நிறுத்தினார். மூன்று வாரத்தில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளின, கண்ணில் கோபம், மூக்கில் வேகம். பார்த்தவர்கள் வாய்மேல் கைவைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை உத்தரவு வந்தது. தரைத்தளத்து வீடும் வந்தது. மனைவி முதல் நாள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, மூடாமல், தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூடம் திறந்த அன்று பெரிய மனிதர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்த மத்தியானத்தில் மைத்துனன் வந்தான். யாரும் அழைக்கவில்லை, பத்திரிகையில் பார்த்துவிட்டு இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தான். கறுத்து இளைத்திருந்தான். நேராகக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய் நின்றான். வெகுநேரம் பார்த்தான்.

"அது பின்னாலதானே இழுத்துச்சு மாமா?" என்றான்.

"காப்பாட்சியர் இப்படித்தான் வேணும்னு சொல்லிட்டாருடா."

அதற்குள் மனைவி பார்த்துவிட்டாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மனசு கேட்கவில்லை. அவளுக்குக் கோபமும் அழுகையும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். "வந்துட்டியா? நல்லாப் பாத்துக்கோ. நீ மட்டும் ஒழுங்காத் தகவல் சொல்லியிருந்தா இதுல ஒண்ணு இன்னிக்குக் காட்டுல மேஞ்சுக்கிட்டிருக்கும். உன் பொழப்பும் இப்படிச் சீரழிஞ்சிருக்காது. ஏன்டா அப்படிச் செஞ்சே? இப்பவாவது சொல்லு, ஏன்டா சொல்லல?"

அங்கங்கே நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனன் வைக்கோலாரைப் பார்த்தான். மிரட்டலாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. இது உங்கள் முறை என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

வைக்கோலார் அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் யோசித்துவிட்டார். உத்தரவு வந்தாயிற்று. நிரந்தரமானவனை அவ்வளவு லேசில் அசைக்க முடியாது. அதிகம் போனால் ஒரு விளக்கம் கேட்பார்கள். வீடு போகாது, குழாய் போகாது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் இவன் தலை நிமிர்ந்துவிடுவான். போகப்போவது ஒன்றே ஒன்றுதான், தன்னைப் பார்க்கும்போது மனைவியின் முகத்தில் இருப்பது. தொண்டை வரைக்கும் வந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

"விடும்மா" என்றார். "சின்னப் பையன். அவன் என்ன வேணும்னா செஞ்சான்? போனது போகட்டும்."

மனைவியின் கண் நிறைந்துவிட்டது. "பாருடா உன் மாமாவை. உன்னால அவரு வேலையே போயிருக்கும். இத்தனை நாள்ல உன்னை ஒரு வார்த்தை திட்டியிருப்பாரா? எந்த மனுஷனுக்குடா வரும் இந்த மனசு? கும்பிடுடா அவரை."

மைத்துனன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டான்.

"நல்லா இரு" என்றார் வைக்கோலார்.